லஸ் பங்களா புச்சிபாபு

பந்தயம் தொடங்கும் முன்பே பேச்சு தொடங்கிவிடும். இந்த ஆண்டு கோப்பை நமக்குத்தான் என்று அணியை நடத்துகிறவர் அறிக்கை விடுவார். மாலை போடுவார்கள். படம் பிடிப்பார்கள். ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். ஆட்டம் முடிந்த பிறகு சில சமயம் கோப்பை வரும். பல சமயம் வராது. அடுத்த ஆண்டு அதே அறிக்கை மறுபடியும் வரும்.

அணியை நடத்துகிறவரின் வாய்ப் பேச்சுக்கும், களத்தில் நிற்கிறவனின் மட்டைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? ஜெயிப்போம் என்று சொன்னால் ஜெயம் வருமா?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு மனிதரின் வாழ்க்கையே பதிலாக இருக்கிறது. மயிலாப்பூரில் வாழ்ந்து, 40-வது வயதில் மறைந்தவர் அவர். தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படுகிறார். அவர்தான் புச்சிபாபு நாயுடு.

செல்வப் பிள்ளை

அவருடைய முழுப் பெயர் மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. புச்சிபாபு என்பது செல்லப் பெயர். செல்லப் பெயரே ஊர் அறிந்த பெயராக நிலைத்துவிட்டது. 1868-ம் ஆண்டில் பிறந்தவர் அவர்.

அவருடைய பாட்டனார் மோதவரப்பு தேரா வெங்கடசாமி நாயுடு. பாரி கம்பெனியின் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே நின்று பேசி முடித்துக் கொடுப்பது துபாஷின் வேலை. அந்தக் காலத்துச் சென்னையில் துபாஷ் வேலை பார்த்த குடும்பங்கள் பெரும் செல்வம் சேர்த்தன. நாயுடு குடும்பமும் அப்படித்தான்.

மயிலாப்பூரில் லஸ் பகுதியில் அவர்களுடைய பெரிய பங்களா இருந்தது. லஸ் ஹவுஸ் என்று பெயர். சுற்றிலும் பரந்த தோட்டம். வண்டி, குதிரை, வேலைக்காரர் என்று எதற்கும் குறைவில்லை.

அன்றைய தென் சென்னை இன்றுபோல் இருக்கவில்லை. இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில் அன்று ஏரி பரந்து கிடந்தது. அந்த ஏரியில் வெள்ளைக்காரர்கள் படகு ஓட்டினார்கள். அடையாறு தோப்பும் தோட்டமுமாக இருந்தது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி வக்கீல்கள் குடியேறி வந்தார்கள்.

லஸ் பங்களாவில் பிள்ளைகளை வளர்க்க வெள்ளைக்கார ஆயாக்களை அமர்த்தியிருந்தார்கள். அவர்கள் மூலமாகத்தான் சிறுவன் புச்சிபாபுவுக்கு வெள்ளைக்காரரின் விளையாட்டுகள் அறிமுகமாயின. சேப்பாக்கம் மைதானத்தில் துரைமார்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த ஆட்டம் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. குதிரைச் சவாரியிலும் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் கிரிக்கெட்டின்மேல் வைத்த ஆசைதான் கடைசிவரை அவரை விடவில்லை.

மரத்தடி

சேப்பாக்கம் மைதானம் சென்னை கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. அந்தக் கிளப் 1846-ல் தோன்றியது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே அதில் அங்கத்தினராக இருக்கலாம். மைதானத்தின் ஓரத்தில் ஆட்டக்காரர்கள் தங்குவதற்கு ஒரு மண்டபம் உண்டு. அதைப் பெவிலியன் என்பார்கள். உடை மாற்றுவது, இளைப்பாறுவது, பகல் உணவு உண்பது எல்லாம் அங்கேதான்.

இந்தியர்களுக்கு அந்த மண்டபத்தில் இடம் இல்லை. இந்திய ஆட்டக்காரர்கள் மைதானத்து மரநிழலில் உடை மாற்றிக்கொண்டார்கள். அந்த மரத்தடிதான் அவர்களுக்கு மண்டபம். ஆடுவது ஒரே களத்தில், ஆனால் உட்காருவது வேறு வேறு இடத்தில்.

அந்தக் காலத்தில் இது புதுமை அல்ல. அடையாற்றங்கரையில் 1890-ல் அடையாறு கிளப் தோன்றியது. அதுவும் வெள்ளைக்காரர்களுக்காகவே தோன்றியது. சென்னையில் பெரிய மனிதர்கள் பலர் இதையெல்லாம் பார்த்தும் பாராதவர் போல இருந்தார்கள். அரசாங்கத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை.

புச்சிபாபுவுக்கு அந்த மரத்தடிக் காட்சி பொறுக்கவில்லை. அவர் செல்வர். துரைமார்களோடு பழகியவர். அவர் ஒருவர் மட்டும் தனியே மரியாதை தேடிக்கொள்ள நினைத்திருந்தால் வழி கிடைத்திருக்கலாம். அவர் அந்த வழியில் போகவில்லை. மரத்தடியில் நின்ற அத்தனை பேருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்.

அந்த இடத்தை எப்படிப் பெறுவது? கோபமாகப் பேசலாம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். கூட்டம் போட்டு, துரைமார்களை எங்களால் தோற்கடிக்க முடியும் என்று முழங்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் முழங்கிய மறுநாள் ஆடுவதற்கு மைதானம் எங்கே? மட்டை எங்கே? பழகிய ஆட்டக்காரர் எங்கே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இது அவருக்குத் தெரிந்திருந்தது.

எஸ்பிளனேடு திடல்

1888-ம் ஆண்டில் சென்னை ஐக்கிய கிளப் தோன்றியது. மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்பது அதன் ஆங்கிலப் பெயர். இந்தியர்களுக்காக அதை ஏற்படுத்தியவர் புச்சிபாபு. அப்போது அவருக்கு வயது 20.

கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு பகுதியில் கிளப்புக்கு மைதானம் அமைந்தது. மைதானம் என்றால் வெறும் பொட்டல் அல்ல. கிரிக்கெட் ஆடத் தரை சமமாக இருக்க வேண்டும். நடுவே 22 கெஜ நீளத்துக்கு ஆடுகளம் வேண்டும். அதற்குத் தண்ணீர் விட வேண்டும். கனமான உருளையை இழுத்து அழுத்த வேண்டும். புல்லைச் சீராக வெட்ட வேண்டும். மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து வேலை தொடங்கும். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் பந்து எப்படி எழும்பும் என்று தெரியாது. அப்படிப்பட்ட தரையில் மட்டை பிடித்துப் பழகியவனுக்குக் கை பதறும். நல்ல தரையில் பழகியவனுக்கே நம்பிக்கை வரும்.

அடுத்தது சாமான். மட்டை, பந்து, காலுக்குக் கட்டும் மெத்தை, கையுறை எல்லாம் செலவு பிடிப்பவை. நல்ல மட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. சாதாரணக் குடும்பத்துப் பையன் அதை வாங்க முடியுமா? திறமை உள்ளவன் கையில் மட்டை இல்லை. மட்டை வாங்க வசதி உள்ளவனுக்குத் திறமை இருக்கும் என்பது நிச்சயம் இல்லை.

புச்சிபாபு தம் பணத்தைச் செலவிட்டு இந்தக் குறையைத் தீர்த்தார். இளைஞர்களுக்கு ஆட்டச் சாமான்கள் கொடுத்தார். ஆட்டம் பழக்கிவைத்தார். தாமும் அவர்களோடு களத்தில் இறங்கி ஆடினார். பணம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் அல்ல அவர்.

இப்படி ஓர் ஆண்டு, ஈராண்டு அல்ல. 20 ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. பணக்காரர்களுக்குப் புதுப் பொழுதுபோக்கு வந்தால் பழையது சலித்துப்போகும். புச்சிபாபுவுக்குச் சலிக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கிளப்புகள் தொடங்கினார்கள். மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையே நடந்த கிளப் ஆட்டங்கள் பிற்காலத்தில் ஊரையே இரண்டாகப் பிரித்துவிடும் அளவுக்குப் பிரபலமாயின.

பம்பாயில் நடந்தது

இதே காலத்தில் பம்பாயில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே பார்சிகள் கிரிக்கெட்டில் முன்னேறினார்கள். 1886-லும் 1888-லும் பார்சி அணிகள் இங்கிலாந்து சென்று ஆடித் திரும்பின. 1890 ஜனவரியில் வெர்னன் என்பவர் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியைப் பம்பாயில் பார்சிகள் தோற்கடித்தார்கள். நாடெங்கும் அது பெரும் செய்தி.

பம்பாயில் பார்சிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. 1907-ல் இந்துக்கள் அணியும் அதில் சேர்ந்தது. இரு அணிப் போட்டி முத்தரப்புப் போட்டியாயிற்று.

சென்னையில் அப்படி ஒன்றும் இல்லை. உள்ளூர்க் கிளப்புகளுக்குள் ஆட்டம் நடந்தது. கிளப்பும் கிளப்பும் மோதியது உண்டு. ஆனால் மாகாணத்து இந்தியர் அனைவரும் ஒரு பக்கம், வெள்ளைக்காரர் அனைவரும் ஒரு பக்கம் என்று நேருக்கு நேர் நின்று ஆடியதில்லை. அப்படி ஆட வேண்டுமானால் வெள்ளைக்காரக் கிளப் சம்மதிக்க வேண்டும். சமமான எதிரி என்று ஒத்துக்கொண்டால்தான் சமமாக ஆட முடியும். சிக்கல் இங்கேதான் இருந்தது.

கேட்ட ஒரு வார்த்தை

20 ஆண்டு வேலை செய்த பிறகு புச்சிபாபு வாய் திறந்தார். சென்னை மாகாணத்து இந்தியர் அணியும் வெள்ளைக்காரர் அணியும் ஒரு பந்தயம் ஆட வேண்டும் என்பதுதான் அவர் முன்வைத்த திட்டம். 1908-ம் ஆண்டில் அது உருவாயிற்று.

எங்கள் அணி ஜெயிக்கும் என்று அவர் பந்தயம் கட்டவில்லை. சேப்பாக்கத்துத் துரைகளை மண்ணைக் கவ்வ வைப்போம் என்று மேடை போடவில்லை. ஒரு நாள் குறியுங்கள், எதிரே நில்லுங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். சிறிய வார்த்தைதான். ஆனால் அதன் கனம் பெரிது.

எதனால் கனம்? மறுப்புச் சொல்ல எதிரிக்குக் காரணம் கிடைக்கவில்லை. மைதானம் இல்லை என்று சொல்ல முடியாது. எஸ்பிளனேடு இருந்தது. ஆட்டக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் பழக்கிய இளைஞர்கள் இருந்தார்கள். ஆட்டத்தின் முறை தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களோடு ஆடியே வெள்ளைக்காரர்கள் பார்த்திருந்தார்கள். பேச்சுக்கு முன்னால் வேலை போய் நின்றது.

அந்தப் பேச்சில் ஆபத்தும் இருந்தது. கேட்டு மறுத்திருந்தால் அவமானம் அவருக்கு. ஒத்துக்கொண்டு, ஆட்டத்தில் இந்தியர் படுதோல்வி அடைந்திருந்தால் அவமானம் இன்னும் பெரிது. இதற்குத்தானா 20 ஆண்டு பணத்தைக் கொட்டினாய் என்று உறவினரே கேட்டிருப்பார்கள். சொல்லுகிறவர் ஏதாவது இழக்கத் தயாராக இருந்தால்தான் கேட்கிறவர் நம்புவார். புச்சிபாபு தம் பெயரை எடுத்துப் பணயமாக வைத்தார்.

வெள்ளைக்காரக் கிளப் சம்மதித்தது. டிசம்பர் மாதத்தில் ஆட்டம் என்று முடிவாயிற்று.

நாள் நெருங்கியது

டிசம்பர் பிறந்தது. சென்னையில் வெயில் இதமாக இருக்கும் மாதம் அது. கிரிக்கெட்டுக்கு ஏற்ற பருவம். அணி தயாராகிக்கொண்டிருந்தது.

ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தன. அப்போது புச்சிபாபு காலமானார். அவருக்கு வயது 40.

20 ஆண்டு காத்திருந்த காட்சியை அவர் கண் பார்க்கவில்லை. லஸ் பங்களாவில் துயரம் சூழ்ந்தது. கடைசி மகன் ராமசாமிக்கு அப்போது 12 வயதுதான். கிளப் தலைவனை இழந்தது. திட்டம் போட்டவர் போய்விட்டார். பணம் கொடுத்தவரும் அவரே, ஆட்டம் பழக்கியவரும் அவரே, துரைமாரிடம் பேசியவரும் அவரே.

இந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். துக்கம் ஒரு நியாயமான காரணம். ஒத்திப் போட்டிருந்தால் ஓர் ஆண்டு போயிருக்கும். பிறகு இரண்டு ஆண்டு போயிருக்கும். மறந்தும் போயிருக்கும்.

ஆட்டம் நிற்கவில்லை. இந்தியர் அணிக்கு பி. சுப்பிரமணியம் தலைமை ஏற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்தியர்–வெள்ளைக்காரர் பந்தயம் நடந்தேறியது.

புச்சிபாபுவின் சொல்லுக்கு இதுதான் உண்மையான சோதனை. சொன்னவர் இல்லை. கட்டளையிட ஆள் இல்லை. இருந்தும் சொன்னது நடந்தது. அவர் பணம் கொடுத்துக் கூட்டம் சேர்த்தவராக மட்டும் இருந்திருந்தால், பணப்பை மூடியதும் கூட்டம் கலைந்திருக்கும். அவர் ஆட்டக்காரர்களை உருவாக்கியவர். அதனால் அவர்கள் கலையவில்லை.

பொங்கல் பந்தயம்

சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1915-16 பருவத்திலிருந்து இந்தப் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. தை பிறக்கும் சமயத்தில் நடந்ததால் பொங்கல் பந்தயம் என்று மக்கள் அழைத்தார்கள். பொங்கலுக்குப் புதுத் துணியும் கரும்பும் எப்படியோ, அப்படியே சேப்பாக்கத்தில் பந்தயம் பார்ப்பதும் பலருக்கு வழக்கமாயிற்று.

அந்தப் பந்தயத்தில் இந்தியர் பக்கம் பல பெரிய ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். நாகபுரியிலிருந்து சி.கே. நாயுடு வந்தார். அவர் ஓங்கி அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி வெளியே நின்ற தென்னை மரம்வரை போயிற்று என்று முதியவர்கள் கதையாகச் சொல்வார்கள். அந்த நாயுடுதான் 1932-ல் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

வெள்ளைக்காரர் பக்கம் ஆடியவர்களில் சி.பி. ஜான்ஸ்டன் முக்கியமானவர். முதலில் எதிர் எதிரே நின்றவர்கள் மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் மதிக்கக் கற்றார்கள்.

அதன் பயன் 1934 நவம்பர் 4-ம் தேதி தெரிந்தது. ரஞ்சி கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் அன்று நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. சென்னை அணிக்குத் தலைவர் ஜான்ஸ்டன். அவர் கீழே எம்.ஜே. கோபாலன், ஏ.ஜி. ராம்சிங் முதலிய இந்தியர்கள் ஆடினார்கள். போட்டியின் முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். ராம்சிங் இரண்டு முறையும் சேர்த்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மைசூர் 48 ரன்களும் 59 ரன்களும்தான் எடுத்தது. சென்னை ஒரே முறை ஆடி 130 ரன்கள் எடுத்தது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

மரத்தடியில் நின்றவர்களும் மண்டபத்தில் இருந்தவர்களும் ஒரே அணியாகச் சேப்பாக்கத்தில் ஆடினார்கள். புச்சிபாபு மறைந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மகன் கண்ட காட்சி

புச்சிபாபுவின் மகன்களும் ஆட்டக்காரர்கள்தான். கடைசி மகன் ராமசாமி தாய்வழிக் குடும்பத்துக்குச் சுவீகாரம் போய், கோட்டா ராமசாமி ஆனார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு 1936-ல் இந்தியக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். அப்போது அவருக்கு 40 வயது. மற்றவர்கள் ஆட்டத்தை விட்டு ஓய்வு பெறும் வயது.

அந்தப் பயணத்தில் அவர் வேறொரு வகைப் புரவலரைப் பார்த்தார். அணித் தலைவராக வந்தவர் விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரம் ஜமீனின் மகாராஜ்குமார். விஸ்ஸி என்று அவரை அழைப்பார்கள். அவரும் கிரிக்கெட்டுக்கு நிறையச் செலவு செய்தவர். 1930-31-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ஹாப்ஸையும் சட்கிளிப்பையும் தம் அணியில் சேர்த்து நாடெங்கும் ஆட்டம் நடத்தினார். அதை மறுக்க முடியாது.

ஆனால் செலவு செய்ததற்குக் கூலியாகத் தலைமைப் பதவியை அவர் வேண்டினார். பெற்றும் விட்டார். அணிக்குள் பிளவு உண்டாயிற்று. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இந்தியா இரண்டில் தோற்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மகாராஜ்குமார் மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து எடுத்தது 33 ரன்கள். அந்தப் பயணத்தின்போதே அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. பிறகு விசாரணை செய்த பியூமாண்ட் குழு அவருடைய தலைமை சரியில்லை என்று கூறியது.

ராமசாமி இரண்டு டெஸ்டுகளில் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் 170 ரன்கள். லஸ் பங்களாவில் வளர்ந்த கை அது.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு 1932-ல் நடந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். அந்தப் பயணத்துக்குத் தலைவர் போர்பந்தர் மகாராஜா. தம் ஆட்டத்தின் அளவு அவருக்கே தெரியும். அதனால் டெஸ்ட் வந்தபோது தாமே ஒதுங்கிக்கொண்டு சி.கே. நாயுடுவிடம் தலைமையை விட்டார். இந்தியா தோற்றது என்றாலும் தலைகுனியும்படி தோற்கவில்லை. ஒரு மகாராஜா விலகிக்கொண்டு அணிக்கு உதவினார். இன்னொரு செல்வர் விலகாமல் நின்று அணியைக் கெடுத்தார்.

மூவரும் செல்வர்கள். மூவருக்கும் ஆட்டத்தின்மேல் ஆசை உண்டு. அணி வளர வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும், அணியால் தாம் வளர வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் இவர்களிடம் தெரிகிறது.

சேப்பாக்கத்தில் வெற்றி

இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி 20 ஆண்டுகள் வரை ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தொடரின் முன்பும் நம்பிக்கைப் பேச்சு இருந்தது. வெற்றி மட்டும் இல்லை.

1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டம் நடந்தது. ஆட்டம் தொடங்கிய நாளன்று இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். வினு மன்கட் முதல் முறையில் 8 விக்கெட்டுகளையும் இரண்டாவது முறையில் 4 விக்கெட்டுகளையும் எடுத்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். பிப்ரவரி 10-ம் தேதி இந்தியா ஒரு இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் வென்றது. இந்தியாவின் 25-வது டெஸ்ட் அது. முதல் வெற்றியும் அதுதான்.

அந்த வெற்றி வேறெங்காவது கிடைத்திருக்கலாம். இந்தியர்கள் மரத்தடியில் உடை மாற்றிய அதே மைதானத்தில் கிடைத்தது.

சென்னை மாகாண அணிக்கும் கோப்பை உடனே வரவில்லை. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டத்தை ஒரே நாளில் வென்ற சென்னை, கோப்பையைத் தொட 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954-55 பருவத்தில் பாலு அழகண்ணன் தலைமையில் ஹோல்கர் அணியை இந்தூரில் 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த அணியில் ஏ.ஜி. ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் ஆடினார். தந்தை தொடங்கியதை மகன் முடித்துவைத்தார். பிறகு 1987-88-ல்தான் அடுத்த கோப்பை வந்தது. பேச்சால் கோப்பை வருவதானால் இவ்வளவு ஆண்டுகள் ஏன்?

பேச்சு எப்போது பலிக்கும்?

அப்படியானால் பேச்சு வீண்தானா? புச்சிபாபுவின் வாழ்க்கை அப்படியும் சொல்லவில்லை.

மைதானமும் மட்டையும் பயிற்சியும் மட்டும் இருந்து, யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியர்கள் எஸ்பிளனேடில் தங்களுக்குள் நன்றாக ஆடிக்கொண்டே இருந்திருப்பார்கள். சேப்பாக்கத்துக் கதவு தானாகத் திறந்திருக்காது. யாராவது ஒருவர் போய்த் தட்ட வேண்டும். தட்டியவர் புச்சிபாபு. அந்த ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் 20 ஆண்டு உழைப்பு நின்றது. வார்த்தை சொன்னவர் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. குறிப்பான ஒரு நாளும், குறிப்பான ஒரு காரியமும் அதில் இருந்தன. இந்த மூன்றும் சேர்ந்தால் பேச்சு பலிக்கும். இவை இல்லாத பேச்சு தீபாவளி மத்தாப்புப் போல. எரியும்போது அழகு. எரிந்த பிறகு கம்பிதான் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. நாணயத்தைச் சுண்டினால் பூ விழுமா தலை விழுமா என்று யாருக்கும் தெரியாது. மழை வரலாம். நல்ல ஆட்டக்காரர் முதல் பந்திலேயே ஆட்டமிழக்கலாம். ஒரு நாள் ஆட்டத்தின் முடிவுக்கு எந்தத் தலைவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆட்டம் நடக்கும்படி செய்வேன், ஆடுவதற்கு ஆட்களைத் தயார் செய்வேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கலாம். அந்த வாக்கைக் காப்பாற்றுவது கையில் உள்ள காரியம். புச்சிபாபு அந்த வாக்கைத்தான் கொடுத்தார். அதனால்தான் அவர் இறந்த பிறகும் அது தவறவில்லை.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாத குடத்தையும் ஒருநாள் சாய்த்தால்தான் தாகம் தீரும். எப்போது சாய்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் பெயரால் சென்னையில் ஒரு கிரிக்கெட் போட்டி உண்டு. உள்ளூர்க் கிளப்புகளின் போட்டியாகத் தொடங்கி, 1960-களில் அது அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது. பல மாநிலத்து இளைஞர்கள் பருவம் தொடங்கும் முன் இங்கே வந்து ஆடிப் பழகினார்கள். நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த போட்டி 2023-ல் மறுபடி தொடங்கியது.

அந்தப் போட்டியில் ஆடும் பல பையன்களுக்குப் புச்சிபாபு யார் என்று தெரியாமல் இருக்கலாம். கோப்பையின் மேல் பொறித்த பெயர் என்று நினைத்துக்கொண்டு போகலாம். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் மண்டபத்துக்குள் போகிறார்கள். உட்காருகிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள். உள்ளே வரலாமா என்று யாரையும் கேட்பதில்லை.